ஜன்னலோரம் மழைநீர் கசிகிறதா? கீழிருந்து தேடத் தொடங்குங்கள்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் வந்தால் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையில் பழைய வீடுகளின் ஜன்னலோரச் சுவர் ஊறிப்போகும். உடனே ஹார்ட்வேர் கடைக்கு ஓடி, சிலிக்கான் வாங்கி, கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் பூசிவிடுகிறோம். தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல.

முதலில், மழை பெய்யும்போதே ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியையும் காற்று அடித்த திசையையும் எழுதுங்கள். மழையில்லாத நாட்களிலும் சுவர் காயவில்லையென்றால் ஜன்னலை விட்டுவிட்டு, சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

மழை விட்டதும் வெளியே போய்ப் பாருங்கள். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேட் சுவரோடு சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா? சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறதா? பிறகு ஜன்னலின் அடிக்கட்டையில், அதாவது சட்டத்துக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திட்டில், ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வெளிப்பக்கம் ஓட வேண்டும்.

அடுத்தது பலர் பார்க்கத் தவறும் இடம். அடிக்கட்டையின் கீழ்ப்பக்கத்தில், முன்விளிம்புக்குச் சற்று உள்ளே விரலால் தடவுங்கள். நீளவாட்டில் ஒரு சிறு பள்ளக்கோடு தட்டுப்பட வேண்டும். வழிந்து வரும் நீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். வருடக்கணக்காகப் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து அது தூர்ந்துபோயிருந்தால், நீர் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே சுவரைப் போய்ச் சேரும். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தாலே சில வீடுகளில் கசிவு நின்றுவிடும்.

அலுமினிய இழுப்பு ஜன்னல் என்றால், கீழ்த்தண்டவாளத்தின் வெளிமுகத்தில் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே சேரும் நீர் வெளியேற வைத்த வழி அது. அதை ஓட்டை என்று நினைத்துச் சிலிக்கானால் அடைத்த வீடுகள் ஏராளம். அடைத்தால் தண்டவாளம் தொட்டி மாதிரி நிரம்பி வீட்டுக்குள் வழியும். மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா? ஹோஸ் பைப்பு எடுங்கள். அந்தச் சுவரிலுள்ள பிளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தை முதலில் நிறுத்திவிடுங்கள். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே டார்ச்சுடன். தண்ணீரைப் பீய்ச்சாமல் மழைபோல விழ விடுங்கள். அடிக்கட்டையில் பத்து நிமிடம், பிறகு இரு பக்கம், பிறகு மேல்சட்டம், கடைசியாகச் சன்ஷேடும் அதற்கு மேலுள்ள சுவரும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. செங்கல் சுவர் தண்ணீரை மெதுவாகத்தான் விடும், அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே பொறுத்திருங்கள். சந்தேகமான இடுக்கைப் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் வைத்து மூடி மறுபடி ஊற்றுங்கள். கசிவு நின்றால் இடம் அதுதான்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. அங்கே வெடிப்பில் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, காரை உப்பிக்கொண்டு உதிரும். சுண்ணாம்புக் காரையே போடுங்கள். 2008-இல் யுனெஸ்கோ அறிவித்த பாரம்பரியப் பகுதிக்குள் வீடு இருந்தால், ஜன்னலையே மாற்றுவதற்கு முன் மாநகர் கழகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சிலிக்கான். பழையதை முழுக்க உரித்து, இடத்தை நன்றாகக் காயவைத்து, கண்டுபிடித்த இடுக்கில் மட்டும் பூசுங்கள். ஒரு நாள் விட்டு, அதே வரிசையில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.