உறவினர் குழுவில் வரும் அமெரிக்கத் தேர்தல் வதந்தியைச் சோதித்துப் பார்க்கும் முறை

கோத்தகிரியில் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். டெக்சாஸில் வேலை பார்க்கும் அவருடைய மகன், தன் ஊர் நகர மன்றத் தேர்தலில் ஒரு முஸ்லிம் நிற்பதாகவும், அவர் வென்றால் ஊரில் ஷரியா சட்டம் வந்துவிடும் என்றும் கூறும் ஒரு செய்தியைக் குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தார். "தம்பி, இது மெய்யா? மகன் அங்க சிட்டிசன் ஆயிட்டான், ஓட்டுப் போடப் போறான்" என்று கேட்டார். நீலகிரியில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடுகள் பல இருப்பதால், அன்று அவருடன் உட்கார்ந்து செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வேட்பாளரைப் பற்றித் தேடும் முன்பு, அவர் போட்டியிடும் பதவிக்கு என்ன அதிகாரம் உண்டு என்று பாருங்கள். அமெரிக்க நகர மன்றம் குடிநீர்க் கட்டணம், சாலை, குப்பை, கட்டட அனுமதி, நகரக் காவல் துறைக்கான நிதி போன்றவற்றை முடிவு செய்யும் அமைப்பு. நம் நகராட்சி உறுப்பினர் திருமணச் சட்டத்தைத் திருத்த முடியாதது போலவே, அங்குள்ள உறுப்பினரும் ஒரு மதத்தின் சட்டத்தை ஊருக்குக் கொண்டுவர முடியாது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்று அமெரிக்க அரசமைப்பில் 1791-இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம் சொல்கிறது. இன்று அது மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்துகிறது. மத்திய அரசுப் பதவிகளுக்கு மதத் தகுதி கேட்கக் கூடாது என்று அரசமைப்பின் ஆறாம் பிரிவு கூறுகிறது. கடவுள் நம்பிக்கையை உறுதிமொழியாகச் சொல்ல மறுத்த ஒருவருக்கு மேரிலாந்து மாநிலம் நோட்டரி பதவியைத் தர மறுத்தபோது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது. இவ்வளவைச் சொன்னதும் அக்காவின் பயத்தில் பாதி இறங்கிவிட்டது.

அடுத்து, செய்தியில் முஸ்லிம் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் வேறொரு சமூகத்தின் பெயரைப் போட்டு உரக்கப் படியுங்கள். நான் கத்தோலிக்கர் என்று போட்டுப் படித்தேன். 1928-இல் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் அதிபர் தேர்தலில் நின்றபோது, அவர் வென்றால் போப்பாண்டவரின் சொல்தான் வெள்ளை மாளிகையில் நடக்கும் என்று பரப்பினார்கள். 1960-இல் ஜான் கென்னடியும் ஹூஸ்டனில் புரொட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று அதே சந்தேகத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தகுதியுள்ள கத்தோலிக்கர் ஒருவரை அதிபராக்க வாக்களிப்பீர்களா என்று கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 1937-இல் கேட்டபோது 60 விழுக்காட்டினர் ஆம் என்றனர். 2015-இல் முஸ்லிம் வேட்பாளரைப் பற்றிக் கேட்டபோதும் அதே 60 விழுக்காடுதான்.

பிறகு அதே இடத்தில் எங்கள் பெயரையே போட்டுப் படித்தேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. சிறுவனாக அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஓர் அலுவலக வரிசையில் நின்றபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எங்கள் தாள்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "நீங்கள் எந்த நாட்டுக்கு விசுவாசம்?" என்று கேட்டார். பிளாஸ்டிக் உறையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த கடவுச்சீட்டை அப்பா ஒன்றும் பேசாமல் எடுத்து நீட்டினார். அதில் பதில் இருந்தது. ஆனால் கேட்டவருக்குப் பதில் தேவைப்படவில்லை. ஒருவரை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்கும் கேள்வியை இப்படித்தான் அடையாளம் காண வேண்டும்: மற்ற வேட்பாளர்களிடம் இதைக் கேட்டார்களா என்று பாருங்கள்.

துண்டறிக்கையின் படமாக வந்திருந்தால், அச்சிட்டவர் யார், செலவு யாருடையது என்ற வரியைத் தேடுங்கள். ஆனால் அந்த வரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2017-இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகர மேயர் தேர்தலில் ரவி பல்லா நின்றபோது, அவர் படத்துக்கு மேலே, பயங்கரவாதம் நம் ஊரைக் கைப்பற்ற விடாதீர்கள் என்று எழுதிய தாள்களைப் பரப்பினார்கள். எதிர் வேட்பாளர் ஒருவரின் உண்மையான அறிக்கையையே யாரோ திருத்தியிருந்ததால், அவருடைய பெயரும் அதில் இருந்தது; தனக்குத் தொடர்பில்லை என்று அவர் மறுத்தார். பல்லா வென்றார். அவர் சீக்கியர்.

"அவர் முஸ்லிம் இல்லையே, சீக்கியர்தானே" என்று இந்த இடத்தில் விளக்கம் சொல்லத் தோன்றும். அந்த விளக்கத்தோடு நின்றுவிடாதீர்கள், ஏனெனில் முஸ்லிமாக இருந்தால் அந்தத் தாள் சரிதான் என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஒபாமா முஸ்லிம் என்று 2008-இல் வதந்தி பரவியபோது, அவர் கிறிஸ்தவர் என்று சொன்ன முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல், அப்படியே முஸ்லிமாக இருந்தால்தான் என்ன தவறு என்றும் தொலைக்காட்சியில் கேட்டார். இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

இதன் பிறகுதான் வேட்பாளரின் பொதுவாழ்வுப் பதிவைத் தேட வேண்டும். அமெரிக்க நகர மன்றங்களின் கூட்டக் குறிப்புகள் பெரும்பாலும் நகரத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். டெக்சாஸின் சவுத்லேக் நகர மன்ற உறுப்பினராக இருந்த அறுவை மருத்துவர் ஷாஹித் ஷாஃபியை, டாரன்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) குடியரசுக் கட்சியின் துணைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்க அவருடைய கட்சிக்காரர்கள் சிலரே முயன்றார்கள். சொன்ன காரணம் அவருடைய மதம். 2019 ஜனவரி 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் 139-க்கு 49 என்ற கணக்கில் அவர் பொறுப்பில் நீடித்தார். மதத்தைப் பேசியவர்களுக்கு எதிராகக் கட்சிக்குள்ளேயே அத்தனை பேர் நின்றார்கள் என்பதை அக்காவுக்கு இரண்டு முறை சொன்னேன்.

முஸ்லிம் பிரதிநிதியை விமர்சிக்கவே கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். உறுப்பினர்கள் அனைவரும் முஸ்லிம்களாக இருந்த மிச்சிகனின் ஹாம்ட்ராமிக் நகர மன்றம், 2023-இல் நகரத்துக்குச் சொந்தமான இடங்களில் தன்பாலின ஈர்ப்பாளர் உரிமையைக் குறிக்கும் வானவில் கொடி ஏற்றுவதைத் தடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தைக் கண்டிக்கலாம், அதற்கு வாக்களித்தவர்களை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். அதைக் காட்டி, டெக்சாஸில் நிற்கும் வேறொரு மனிதரிடம் கணக்குக் கேட்பதுதான் அநியாயம்.

பிள்ளையிடம் பேசும்போது, குழுவில் எல்லோர் முன்பும் திருத்தாதீர்கள். அவமானப்பட்டவர் தன் சொல்லையே பிடித்துக்கொள்வார். இங்கே இரவு எட்டு மணி என்றால் டெக்சாஸில் காலை நேரம், அப்போது தனியாக அழையுங்கள். அவருக்கு ஒப்புதல் ஏற்பட்டால், பகிர்ந்த அதே குழுவில் அவரே தன் பெயரில் திருத்தம் போடச் சொல்லுங்கள். வெறுமனே அழித்துவிட்டால், முன்பே படித்த சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அது போய்ச் சேராது. பிடித்த வேட்பாளருக்கு இங்கிருந்து பணம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். உள்ளூர்த் தேர்தலானாலும் வெளிநாட்டவர் நன்கொடை தருவதை அமெரிக்கச் சட்டம் தடை செய்கிறது.

அன்று அக்கா ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினார். "அப்போ யாருக்குப் போடறது மாமா?" என்று பையன் என்னிடம் கேட்டான். அது உன் உரிமை, அதில் நான் தலையிட மாட்டேன் என்றேன். குடிநீர்க் கட்டணத்தைப் பற்றி மூன்று வேட்பாளர்களும் என்ன பேசியிருக்கிறார்கள் என்று மட்டும் தேடிப் பார்க்கச் சொன்னேன். "மூணு பேரா?" என்றான். மற்ற இருவரின் பெயர் அதுவரை அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.