மூக்கு கழுவும் குப்பியில் கிருமி சேராமல் இருக்க

சைனஸ் தொல்லைக்காக உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். குப்பியை வெறுமனே அலசி வைத்துவிடுகிறார்கள். அழுத்திப் பீய்ச்சும் பிளாஸ்டிக் குப்பியில், மூக்குக்குள் இருக்கும்போதே பிடியைத் தளர்த்தினால், சளி கலந்த நீர் காற்றோடு சேர்ந்து உள்ளே திரும்பிவிடும். சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் பயன்படுத்திய குப்பிகளைச் சோதித்தபோது ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் காணப்பட்டுள்ளன. ஆகவே குப்பியை மூக்கிலிருந்து எடுத்த பிறகே பிடியைத் தளர்த்துங்கள். மிஞ்சிய நீரை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

கழுவி முடித்ததும் மூடி, குழாய், குப்பி மூன்றையும் தனித்தனியே கழற்றி, பாத்திரம் துலக்கும் திரவமும் வெந்நீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். மூடியின் மரைக்குள்ளும் மெல்லிய குழாய்க்குள்ளும்தான் ஈரம் தங்கும் என்பதால், சோப்பு நீரைக் குழாய் வழியாகவே பலமுறை பீய்ச்சுங்கள். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கொதித்து ஆறிய நீரே ஏற்றது. பிறகு குளியலறையில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில், பகுதிகளை மறுபடி பூட்டாமல் கவிழ்த்து உலரவிடுங்கள். சோப்பைவிட இந்த உலர்த்தலில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மைக்ரோவேவில் வைப்பதென்றால் தயாரிப்பாளரின் குறிப்பு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். மூக்கு கழுவப் பயன்படும், நீண்ட மூக்குள்ள நேத்திச் செம்பு உலோகத்தால் ஆனதென்றால் அதை ஒருபோதும் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது.

தண்ணீரிலும் அலட்சியம் கூடாது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல், நேத்திச் செம்பில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர், நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா மூளையைத் தாக்கியதால் உயிரிழந்தனர். அது பாக்டீரியா அன்று. குடித்தால் தீங்கில்லை, மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் குடிக்க ஏற்றவையே தவிர, கிருமியே இல்லாதவை அல்ல. காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் தண்ணீரைத் தளதளவென்று 1 நிமிடமும், உதகை, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் 3 நிமிடமும் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். லிட்டருக்கு 9 கிராம் அயோடின் கலக்காத உப்பு என்ற கணக்கில் அவ்வப்போது புதிதாகக் கலக்குவதே நல்லது.

ஒருவர் குப்பியை வீட்டில் இன்னொருவர் தொடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குப்பியை மாற்றுங்கள். அதற்கு முன்பே, கழுவிய பிறகும் உட்புறம் விரலுக்கு வழவழவென்று பட்டால், அது கிருமிகள் கட்டிய படலமாக இருக்கலாம். அந்தக் குப்பியை அன்றே தூக்கி எறிந்துவிடுங்கள்.