லிஃப்ட் செய்த பழைய பக்கிக்குப் பெரிய டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை இருக்கிறது. அதை ஒட்டிய இசிபிங்கோவிலும் சாட்ஸ்வர்த்திலும் பழைய ஹைலக்ஸ் பக்கிகள் (பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்கப் வண்டிகள்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாத்தா காய்கறி ஏற்றிய வண்டி அப்பா கைக்கு வந்து, இப்போது பேரன் கையில் இருக்கும். பேரனுக்கு முதலில் வரும் ஆசை லிஃப்ட், அதாவது வண்டியை உயர்த்துவது; அடுத்தது பெரிய டயர். நல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலோர் நிற்கிற வண்டியைப் பார்த்து டயர் வாங்கிவிடுகிறார்கள். சமதரையில், சக்கரம் நேராக இருக்கும்போது, எந்த டயரும் பொருந்துவது போலத்தான் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரம் மேட்டில் ஏறி, பின்னால் சுமையும் இருக்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் லிஃப்ட் என்ன செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸியும் பாடியும் மேலே போகும்; ஆக்சிலும், அதன் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டியான டிஃபும் (டிஃபரன்ஷியல்) இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃப் கல்லில் இடிக்கிறது என்பதற்காக லிஃப்ட் போட்டால் ஒரு பயனும் இல்லை. டிஃபை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் கூடுகிற விட்டத்தில் பாதிதான். 29 அங்குலத்திலிருந்து 31க்குப் போனால் டிஃப் ஓர் அங்குலம் உயரும்.

இன்னொன்று, ஸ்பிரிங் லிஃப்ட் போட்டபின் மட்கார்டுக்குள் தெரியும் இடைவெளியை நம்பக்கூடாது. பள்ளத்தில் விழும்போது ஆக்சில் மேலே ஏறி, அதைத் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் முட்டித்தான் நிற்கும். பம்ப் ஸ்டாப்பைத் தாழ்த்தாவிட்டால், டயர் கடைசியில் போய்ச் சேரும் இடம் பழைய இடமேதான். அதனால் வாங்குமுன் டயர் கடையிலோ நண்பரிடமோ அதே அளவில் ஒரு டயரை இரவல் வாங்கி மாட்டுங்கள். ஒரு முன் சக்கரத்தை உறுதியான ரேம்பில் ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை மெதுவாகத் திருப்பி, பாடியின் ஓரம், ஸ்பிரிங் பட்டை, பிரேக் ஹோஸ் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் பிறகு கிரைண்டரால் மட்கார்டை வெட்டுகிறார்கள். பழைய வண்டியின் அசல் தகடு திரும்பக் கிடைப்பது எளிதில்லை.

ரிம் விஷயத்திலும் அவசரம் கூடாது. 31×10.50 ஆர் 15 (விட்டம் 31, அகலம் 10.50, ரிம் விட்டம் 15 அங்குலம்) டயருக்கு 7 முதல் 9 அங்குல அகல ரிம் வேண்டும், 33×12.50 என்றால் குறைந்தது 8.5. பழைய குறுகிய ஸ்டீல் ரிம்மில் இவற்றைத் திணித்தால் நடுப்பகுதி புடைத்து, அது மட்டும் தேயும். அகல ரிம் வாங்கும்போது ஆஃப்செட்டை, அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் கேளுங்கள். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் பேரிங் மீது நெம்புவிசை கூடும். திருப்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்கார்டின் முன்முனையை உரசும். குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும்.

கியர் கணக்கு சுருக்கமானது. 29 அங்குல டயரும் 4.10 கியர் விகித டிஃபும் இருந்த வண்டிக்கு 33 போட்டால், பழைய இழுவை திரும்பக் கிடைக்க ஏறக்குறைய 4.67 வேண்டும், கடையில் கேட்டால் 4.56 அல்லது 4.88 கிடைக்கும். டிஃபை மாற்றாவிட்டால் கிளட்ச் தேயும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும். முன்பு மீட்டர் சரியாகக் காட்டியிருந்தால், இனி அது 100 காட்டும்போது வண்டி 114ல் போகும். வேக வரம்பு 120 உள்ள ஹைவேயில் மீட்டரை நம்பி ஓட்டினால் 136ஐத் தாண்டிவிடுவீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது பிரேக்கைப் பற்றி. டயர் ஆரம் கூடினால், அதே பிரேக் தரையில் தரும் பிடி குறையும். 29லிருந்து 33க்குப் போனால் அந்த இழப்பு ஏறக்குறைய 12 சதவீதம். போதாததற்கு டயரின் எடையும் கூடுகிறது. பின்னால் டிரம் பிரேக் உள்ள, பல வருஷம் ஓடிய வண்டியில் இது சின்ன விஷயமில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது, அந்த 12 சதவீதம்தான் உயிரைக் காக்கும்.

லிஃப்டே பிரேக்கைக் கெடுக்கும் வழிகளும் உண்டு. ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது ரப்பர் ஹோஸ் இழுபடுகிறதா என்று வண்டியைத் தூக்கி வைத்துப் பாருங்கள். இழுபட்டால் நீளமான ஹோஸ் போட்டே தீரவேண்டும். பல ஹைலக்ஸ்களில் பின்பக்கம் சுமையை உணரும் வால்வு ஒன்று சேஸியில் இருக்கும். ஒரு கம்பி அதை ஆக்சிலோடு இணைக்கும். பாடி உயர்ந்தால், வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பக்கி நிறையச் சிமெண்ட் மூட்டை இருந்தாலும் அப்படித்தான். லிஃப்ட் அளவுக்கேற்ற பிராக்கெட் போட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யவேண்டும். ‘லிஃப்டுக்குப் பிறகு பிரேக் மந்தமாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் ஆழத்தை, மட்டும் பார்க்கிறார்கள். சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர் ஆழம்தான். அது மழையில் போதாது. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகி வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீடும் பழைய டயரைவிடக் குறையக்கூடாது. மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; மறைத்தால் விபத்துக்குப் பிறகு பணம் தர மறுக்க இடம் கொடுத்துவிடும்.

எதற்காக இத்தனை பெரிய டயர் என்பதையும் யோசிக்கவேண்டும். கடற்கரை மணலில் பொழுதுபோக்குக்காக ஓட்ட 2002 முதல் தடை இருக்கிறது. சானி கணவாய்க்கும் கரும்புத்தோட்ட மண்பாதைக்கும் நல்ல 31 தாராளம். 33 போட விரும்புகிறவர் டிஃபுக்கும் பிரேக்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கட்டும்.

ஐந்தாவது டயரையும் அதே அளவில் வாங்குங்கள். பழைய ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி ஓடினால் இரண்டு பக்கமும் வேறு வேகத்தில் சுற்ற, டிஃப் ஓயாமல் வேலை செய்து சூடாகும். நான்கு சக்கர இழுவையிலும் (ஃபோர்வீல்) போட்டால் நிலைமை இன்னும் மோசம். பெரிய டயர் பக்கித் தட்டின் அடியில் நுழையுமா, பழைய ஜாக் இந்த உயரத்துக்கு எட்டுமா என்பதை வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள்.