சான் மிகெல் தே அயெந்தே திருவிழாக்கள்: வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

மெக்சிகோவின் குவானஹுவாட்டோ மாநிலத்து மலைநகரம் சான் மிகெல் தே அயெந்தே. ஸ்பானியர் காலத்துக் கல் பாவிய தெருக்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 2008-இல் பக்கத்திலுள்ள அதோதோனில்கோ ஆலயத்தோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இங்கே வருகிறவர்களின் பெரிய தவறு, திருவிழாக்களைச் சுற்றுலாத் துறையின் கலைநிகழ்ச்சியாக எண்ணிக்கொள்வதுதான். அவற்றை நடத்துவது பெரும்பாலும் வீட்டாரும் தெருக்காரர்களும் கோவில் பங்கு மக்களும். மற்றத் தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்கு மட்டும் அறை பிடிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முந்தைய சனி நள்ளிரவில், கல்தூணில் கட்டுண்ட இயேசுவின் சொரூபத்தைப் பட்டுத் துணிகளால் பொதிந்து, அதோதோனில்கோவிலிருந்து இருட்டில் சுமந்து நடக்கிறார்கள். விடியும் வேளையில் பவனி ஊருக்குள் நுழைகிறது. தேதி ஆண்டுதோறும் நகரும்: புனித வெள்ளி 2025-இல் ஏப்ரல் 18, 2027-இல் மார்ச் 26. பழைய பயணக் குறிப்பை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அந்தப் பவனிக்கு அடுத்து, புனித வெள்ளிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் வருவது வியாகுல அன்னையின் வெள்ளி. என்னைக் கேட்டால், இந்த ஊரின் ஆண்டிலேயே மிக அழகான மாலை அதுதான். வாசலிலும் ஜன்னலிலும் மாதாவுக்குப் பீடம் வைக்கிறார்கள். ஊதாத் துணி, தரையில் சீமைச் சாமந்தியும் சோம்புத் தழையும், கசப்பு நாரத்தைகளில் குத்திய சின்னஞ்சிறு தங்கக் காகிதக் கொடிகள். இருட்டில் வளர்த்ததால் வெளிறிய கோதுமை முளைகளும் சட்டிகளில் இருக்கும். நம் முளைப்பாரியைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. வருகிறவர்களுக்கு வீட்டார் பழத்தண்ணீரோ ஐஸ்கிரீமோ கொடுப்பார்கள். அது மாதாவின் கண்ணீர் என்பது ஐதீகம். "அன்னை அழுதுவிட்டாளா?" என்று கேட்டு வாங்குவது பழைய வழக்கம். பீடத்தை ஏறெடுத்தும் பாராமல் கோப்பைக்குக் கை நீட்டுவது மரியாதைக்கேடு. காசு கொடுக்க முயல்வது அதைவிடச் சங்கடம். பீடத்தின் முன் கொஞ்சம் நின்று, மாலை வணக்கம் சொல்லி, பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

புனித வெள்ளியன்று இயேசுவின் அடக்கப் பவனி. பெண்கள் கறுப்பு உடையில் தலைக்கு லேஸ் துணி போர்த்தி நடப்பார்கள். கறுப்புக் கோட்டு அணிந்த ஆண்கள் கண்ணாடிப் பேழையைச் சுமப்பார்கள். அப்போது வரிசைக்குள் புகுந்து ஒருவர் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடிப்பது, இழவு வீட்டில் செல்ஃபி எடுப்பதுதான். அதே ஊர் ஈஸ்டர் ஞாயிறன்று வேறு முகம் காட்டும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் காகிதக் கூழ் பொம்மைகளைச் சதுக்கத்தில் தொங்கவிட்டு வெடித்துச் சிதறடிப்பார்கள். அரசியல்வாதிகளின் சாயலும் அவற்றில் தட்டுப்படும். அங்கே தாராளமாகச் சிரிக்கலாம், படம் எடுக்கலாம். பொம்மைக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள்.

செப்டம்பர் 29 மிக்கேல் அதிதூதரின் நாள். அதையொட்டிய வார இறுதியில் அதிகாலை நான்கு மணியளவில் பங்குக் கோவிலின் முன் வாணவேடிக்கை தொடங்கிவிடும். விடுதி வரவேற்பறையில் போய்ச் சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. சதுக்கத்திலிருந்து தள்ளி அறை எடுங்கள், அல்லது எழுந்து போய்ப் பாருங்கள்.

இறந்தோர் நாளை ஹாலோவீனோடு குழப்புவது எங்கும் உள்ள தவறு. நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. படையலில் தண்ணீர், உப்பு, ரொட்டி, கோபால் பிசின் புகை, செண்டுமல்லி. அந்தப் பூவின் தாயகமே மெக்சிகோதான். நம் மாலைகளுக்கு அது வந்தது அங்கிருந்து. முகத்தில் மண்டையோடு வரைந்துகொள்வதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் படையலிலிருந்து எதையும் எடுத்துத் தின்னாதீர்கள். கல்லறையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தால் கேட்காமல் நெருங்காதீர்கள். பிரம்மாண்ட ஊர்வலத்தைத் தேடி ஏமாறவும் வேண்டாம். மெக்சிகோ நகரத்தின் புகழ்பெற்ற ஊர்வலமே ஒரு ஹாலிவுட் படக் காட்சியைப் பின்பற்றி 2016-இல் தொடங்கியதுதான்.

மே 5 அன்று சுதந்திர தின வாழ்த்துச் சொல்லாதீர்கள். அது 1862-இல் பிரெஞ்சுப் படையைப் புவெப்லாவில் வென்ற நாள். சுதந்திர நாள் செப்டம்பர் 16. 1810-இல் விடுதலைப் போரைத் தொடங்கிய தலைவர்களில் ஒருவரான இக்னாசியோ அயெந்தே பிறந்த ஊரிலேயே இதைக் குழப்பினால் நன்றாக இராது.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழாவில் யாராவது வளைய ரொட்டி வெட்டிக் கொடுத்தால், மெதுவாகக் கடியுங்கள். உள்ளே குழந்தை இயேசுவின் சிறு பொம்மை இருக்கும். உங்கள் துண்டில் அது வந்தால் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே (மக்காச்சோள மாவைத் தோகையில் பொதிந்து அவித்த பண்டம்) வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் தமாலேக்கான பணத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.