பள்ளி நூலகமும் சிறப்புக் குழந்தைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் வந்தால் காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் பல பள்ளிகளில் நூலகப் பொறுப்பு புது ஆசிரியர் கைக்கு மாறும். சாய்தளம் வேண்டும், சக்கர நாற்காலி வரும் வழியில் பெஞ்சு கிடக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்பவை வேறு.

கண்ணுக்குத் தமிழ், காதுக்குக் குப்பை

பார்வையற்ற மாணவருக்காகக் கதைப் புத்தகம் ஒன்றை டைப் செய்ய டிடிபி கடையில் கொடுக்கிறார்கள். கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருகிறார்கள். திரையில் அழகான தமிழ். பள்ளிக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருளைப் போட்டால் ஒரு சொல்லும் விளங்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். பிரெயிலாக மாற்றினாலும் அதே குப்பைதான் புள்ளியாக வரும்.

தமிழைக் கணினிக்கும் தமிழாகவே பதியும் முறை யூனிகோடு. தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010-ல். இன்னும் இது நடப்பதைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. காசு போவது ஒரு பக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, தனக்குத்தான் கணினி வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

காசு கொடுக்கும் முன் இரண்டு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் எழுத்துருவை மட்டும் லதா போன்ற யூனிகோடு எழுத்துருவாக மாற்றிப் பயனில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் 'எழுத்துரு மாற்றி' மென்பொருளில் போட்டு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு 'கொ', 'கோ', 'கௌ' வரும் இடங்களைப் பாருங்கள், கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கலாம். நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களும் உளறலான தமிழாக மாறியிருக்கலாம். இரண்டையும் கையால்தான் திருத்த வேண்டும்.

கோப்பை வேர்டாகவே வாங்குங்கள். பிடிஎஃப்பில் யூனிகோடு தமிழ்கூடப் பல நேரம் எழுத்து வரிசை குலைந்து வாசிக்கப்படும். போனில் படம் பிடித்துச் செய்த பிடிஎஃப் என்றால் அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். என்விடிஏ-வோடு வரும் இஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

ஏ3 ஜெராக்ஸ்

பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்து என்று ஏ4 பக்கத்தை ஏ3 ஆக்கிக் கொடுக்கிறார்கள். அது 141 சதவீதம்தான். 12 பாயிண்ட் அளவு எழுத்து 17 ஆகும். பெரிய எழுத்து என்பதே 18-ல்தான் தொடங்குகிறது. மங்கலும் கூடவே பெரிதாகும், தாளோ டெஸ்கில் அடங்காது. மேலே சொன்ன யூனிகோடு கோப்பு இங்கேயும் உதவும்: 18, 20, 24 என்று ஒவ்வொரு பக்கம் அச்சடித்து, எது வசதி என்று பிள்ளையையே கேளுங்கள். வரி இடைவெளி ஒன்றரை. லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெயிலும் டியூப்லைட்டும் அதில் பட்டுக் கூசும்.

பிரெயில் புத்தகத்தைப் படுக்கப் போட்டு அடுக்குவது

புள்ளி அமுங்கிவிடும். நிறுத்தி வையுங்கள், நெருக்கித் திணிக்காமல்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் பாட்டுப் புத்தகம்

வாசிப்பில்தான் சிரமம், வயதில் இல்லை. கிரிக்கெட், பைக், பேய்க்கதை எதுவானாலும் சரி, வாக்கியம் சின்னதாக இருந்தால் போதும்.

காப்பிரைட்டுக்குப் பயந்து சும்மா இருப்பது

2012-ல் திருத்தப்பட்ட பிறகு, காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. அச்சுப் புத்தகத்தை வாசிக்க முடியாதவருக்காக, லாபம் வைக்காமல், அவரால் வாசிக்க முடிகிற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம். அந்தக் கோப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது இதில் சேராது. டைப் செய்யக் கொடுக்கும் முன் சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் தேடிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருக்கலாம்.