காலண்டரில் எழுதிய தூக்கம்

எனக்கு இருமுனை மனநோய், அதாவது அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய். லித்தியம் சாப்பிட்டு நாலு மாதம் நன்றாக இருந்ததும், இனி எதற்கு மாத்திரை என்று நானே நிறுத்திவிட்டேன். இரண்டு முறை இப்படிச் செய்து, இரண்டு முறையும் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று.

அக்கா திட்டவில்லை. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் நான் தூங்கிய மணிக்கணக்கைத் தினமும் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். 7, 7, 6, அப்புறம் 4, 3. அந்த 3 விழுந்த அன்று, கடன் வாங்கிக் கடை திறக்கப் போகிறேன் என்று நான் ஊரெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன். உற்சாகம் என்று நான் நினைத்தது நோயின் தொடக்கம் என்பதை அந்த எண்கள்தான் புரியவைத்தன. இப்போது எங்களுக்குள் ஒரு பேச்சு: தொடர்ந்து இரண்டு இரவு 4 மணி நேரத்துக்குக் கீழே தூங்கினால், நான் வேண்டாம் என்றாலும் அக்கா மருத்துவரிடம் பேசுவாள்.

லித்தியம் எடுப்பவர்களுக்கு ஒன்று. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனைக்கான ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துக் கொடுங்கள். காலை மாத்திரையை அதற்குப் பிறகு போடுங்கள். உடம்பில் நீர் வற்றினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும், அதனால் வெயில் காலத்தில் தண்ணீர் முக்கியம். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும், கேட்காமல் வாங்காதீர்கள். கை நடுக்கம் கூடி, வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்கா ஊரில் இல்லாத ஓர் இரவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸின் 14416 எண்ணை அழைத்தேன். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.