காட்டு முகாமில் ஒரு சீசன், சின்ன ட்ரெயிலரில் இருவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே கடைசியில் வரும் மெமோரியல் டே தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டே வரை, அமெரிக்கத் தேசியக் காடுகளில் உள்ள கேம்ப்கிரவுண்டுகளில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான சின்ன ட்ரெயிலரோடு போய்த் தங்கிவிடும் தம்பதிகள் நிறைய உண்டு. வேலை ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். இப்போது இளையவர்களும் வருகிறார்கள். பைன் மரங்களுக்கு நடுவே விடியும் காலைக்காக எவ்வளவோ பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஆனாலும் பாதி சீசனில் மூட்டை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 16 அடி, 17 அடி ட்ரெயிலரெல்லாம் வார இறுதிப் பயணத்துக்கென்று செய்யப்பட்டவை. மூன்று மாதத்துக்கு மேல் அதில் குடித்தனம் நடத்த வேண்டுமென்றால் பழக்கங்களை மாற்றியாக வேண்டும்.

முதல் தவறு புறப்படும் முன்பே நடந்துவிடும். வாடகை கட்டினால் எத்தனை நாளும் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வார்கள். தேசியக் காட்டு முகாம்களில் பெரும்பாலும் 14 நாள்தான் அதிகபட்சம். காட்டையே வீடாக்கிக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. சீசன் முழுக்க ஒரே இடத்தில் இருக்க நேரான வழி, கேம்ப் ஹோஸ்ட் ஆவது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஈடாக ட்ரெயிலர் நிறுத்த இடம், பல இடங்களில் தண்ணீர், மின்சார இணைப்போடு கிடைக்கும். சில முகாம்களை வனத்துறை நேரடியாக நடத்துகிறது, அங்கே இது தன்னார்வப் பணி. சிலவற்றைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனங்கள் நடத்துகின்றன, அங்கே சம்பளமும் இருக்கலாம். சரி என்று தலையாட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்பது இருவருக்கும் சேர்த்தா, தலைக்கா? கழிப்பறை கழுவுவது யார்? கட்டணப் பணத்தை யார் கையாள்வது? விடுமுறை நாள் எது? ஜூலை 4 போன்ற நீண்ட வார இறுதிகளில் ஊரே முகாமுக்கு வரும். அந்த நாட்களில் உங்களுக்கு ஓய்வு கிடையாது. இதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலைக் காடுகளில் ஜூலையிலும் இரவு குளிரும். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் இறுக மூடிக்கொண்டு தூங்கினால், இருவரின் மூச்சிலும் உடம்பிலும் இருந்து வெளிவரும் ஈரமே காலைக்குள் அரை லிட்டர் போலச் சேரும். அதோடு சோறு வடிப்பது, பருப்பு வேகவைப்பது, துவைத்த துணியை உள்ளே காயப்போடுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் இன்னும் மோசம்: ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். அத்தனையும் குளிர்ந்த சுவரில், ஜன்னல் சட்டத்தில், முக்கியமாக மெத்தைக்கு அடியில் போய் நிற்கும். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். பலகை கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் பூஞ்சை வந்துவிட்டது. மெத்தைக்குக் கீழே காற்று போக இடைவெளிவிட்டுச் சட்டங்கள் அடியுங்கள். கூரை விசிறித் துவாரத்தையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் இரவில் இரண்டு விரல் அளவாவது திறந்து வையுங்கள். சமையலை முடிந்தவரை வெளியில், ட்ரெயிலரின் பக்கவாட்டில் விரிக்கும் சாய்வுத் துணிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்து உள்ளே சூடேற்றுவது உயிரைப் பறிக்கும் காரியம். அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. எச்சரிக்கைக் கருவிக்கும் ஆயுள் உண்டு. அதைக் கழற்றிப் பின்புறம் உள்ள தேதியைப் பாருங்கள், பழைய ட்ரெயிலர் வாங்கியவர்கள் இன்றைக்கே பாருங்கள். கேஸில் ஓடும் ஃபர்னஸின் (ட்ரெயிலரோடு வரும் ஹீட்டரின்) விசிறிக்குப் பேட்டரி மின்சாரம் வேண்டும் என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில், சிலிண்டர் நிறைய இருந்தும் விடியற்காலையில் ஃபர்னஸ் நின்றுவிடும். பழைய ரக லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. ஓய்வில் இருக்கும்போது 12.1 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதன் ஆயுள் குறைகிறது என்று அர்த்தம். கூரையில் சோலார் பலகை இருக்கிறதே என்றால், அடர்ந்த மர நிழலில் அது பெயருக்குத்தான். வெயில் விழும் இடத்துக்குக் கேபிளோடு நகர்த்தி வைக்கிற பலகைதான் காட்டில் பயன்படும்.

கழிவுத் தொட்டிகள் இரண்டு: கழிப்பறைக்குப் பிளாக் டேங்க், பாத்திரம் கழுவவும் குளிக்கவும் கிரே டேங்க். முகாமில் கழிவு இணைப்பு இருக்கிறதென்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே விட்டுவைப்பது பெரிய தவறு. தண்ணீர் ஓடிவிடும், மற்றது அடியில் தங்கிக் கல்லாகிவிடும். மூடியே வைத்து, முக்கால் பங்கு நிரம்பியதும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே, அப்போதுதான் குழாயும் கழுவப்படும். சோற்றுக் கஞ்சியையும் எண்ணெயையும் கிரே டேங்கில் விடாதீர்கள். நாற்றம் தாங்காது. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

எல்லோரும் கரடிக்குத்தான் பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான். சாப்பாடு, குப்பை, பற்பசை, நாய்க்கு வைத்த தட்டு எதுவும் இரவில் வெளியே இருக்கக்கூடாது. ஆனால் ட்ரெயிலருக்குள் குடிவருவது எலி. மேற்கு அமெரிக்கக் காடுகளில் இருக்கும் மான் எலி ஹாண்டா வைரஸைச் சுமக்கும். 2012-இல் யோசெமிட்டி பூங்காவில் தங்கியவர்களில் 10 பேருக்கு அந்தத் தொற்று வந்து 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கிய கூடாரக் குடில்களின் சுவர் அடுக்குக்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன. எலிப் புழுக்கையைக் கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள், தூசிதான் நோயைக் கொண்டுவருகிறது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். அடித்தளத்தில் குழாய்கள் நுழையும் ஓட்டைகளை ஸ்டீல் வுல் என்ற இரும்பு நாரை வைத்து அடைத்துவிடுங்கள்.

நிறுத்தும் இடத்தில் மேலே அண்ணாந்து பாருங்கள், பட்டை உரிந்த மரமோ தொங்கும் கிளையோ இருந்தால் வேறு இடம் கேளுங்கள். விறகை ஊரிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தை அரிக்கும் வண்டுகள் அப்படித்தான் காடு விட்டுக் காடு போகின்றன.

இருவர் இருக்கும் இடத்தில் வரும் தவறு ஒன்று உண்டு. கொக்கி மாட்டுவதும் தொட்டி காலி செய்வதும் அவருக்குத்தான் தெரியும், சமையலும் மருந்தும் அவளுக்குத்தான் தெரியும் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் குடித்தனம் நின்றுவிடும். கேஸ் மூடுவது, பிரேக் ஒயர் இணைப்பது, ட்ரெயிலரைப் பின்னால் எடுப்பது எல்லாம் இருவருக்கும் கைவர வேண்டும். கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள இன்னொரு அறை அங்கே கிடையாது என்பதால், ஆளுக்கு ஒரு மணி நேரம் தனியே நடக்கப் போவதையும் அன்றாட வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் காட்டுத்தீயின்போது தெரியும். 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சியரா தேசியக் காட்டில் கிரீக் ஃபயர் என்ற காட்டுத்தீ பற்றிக்கொண்டது. லேபர் டே விடுமுறைக்காக மம்மத் பூல் நீர்த்தேக்கத்தில் முகாமிட்டிருந்தவர்களுக்கு மறுநாள் வெளியேறும் பாதை அடைபட்டது. 200-க்கும் மேற்பட்டவர்களை ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்து தூக்கிச் சென்றன. செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும். அதனால் காரை எப்போதும் வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். காகித வரைபடத்தில் இரண்டாவது பாதையைக் குறித்து, ஒரு முறை பகலில் ஓட்டியும் பாருங்கள். பாஸ்போர்ட், மருந்து, காப்பீட்டுக் காகிதங்களை ஒரே பையில் போட்டுக் கதவருகே வையுங்கள். ட்ரெயிலரைக் கொக்கி மாட்ட நேரம் இல்லையென்றால் அதை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் கிளம்பிவிடுவது என்று சீசன் தொடங்கும்போதே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.